சீட்டு உலர்த்திய மதலேனம்மாள்

“மாதாவுக்கு எழுதினது எங்கப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? சொல்லுங்க சிஸ்டர், எப்படித் தெரிஞ்சுது?”

பெலிசிட்டா போட்ட சத்தத்தில் மாதா சிலை வைத்த கற்குகையான கெபிக்கு மேலே சைப்ரஸ் மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அவள் இரண்டாமாண்டு வேதியியல் மாணவி, வால்பாறைக்காரி. பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். ஒரு கையில் மகளின் தகரப்பெட்டி, மறுகையில் மகளின் மணிக்கட்டு. இரண்டையும் ஒரே மாதிரிதான் பிடித்திருந்தார்.

“கெபியில சீட்டு வச்சா மாதா மட்டும்தான் பாப்பாங்கன்னு சொன்னீங்களே சிஸ்டர்! இப்ப எங்க ஊரே பாத்திருச்சு!”

“வாயை மூடு. உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது படிக்கவா, மாதாகிட்ட மாப்பிள்ளை கேக்கவா?” என்றார் அப்பா.

நீலகிரியில் கோத்தகிரிக்குப் போகும் பாதையில் இருக்கிறது அந்தக் கன்னியர் கல்லூரி. முதல்வர் சிஸ்டர் பவுலினுக்கு ரசாயனப் பரிசோதனைக்கூடம் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை. அவர் கையைப் பிசைந்தார். அப்போது விடுதிச் சமையற்காரி கொர்னேலியா, கையில் கரண்டியோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சீட்டையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறது யாருன்னு கேளுங்க சிஸ்டர். அடுப்புக்கு மேல கயிறு கட்டி, துணி காயப்போட்ட மாதிரி வரிசையாத் தொங்குது. நான் பக்கத்து வீடு. என் கண்ணால பாத்தவ.”

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே, விளக்குமாற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, மதலேனம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

மதலேனம்மாள் கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிறவர். சின்ன வயதிலேயே கணவரைத் தேயிலைத் தொழிற்சாலை விபத்தில் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வேலை கேட்டு வந்தவர். அப்போதிருந்த பழைய தலைவி மதர் கிளோத்தில் என்பவர் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். “எழுதப் படிக்கத் தெரியுமா?” தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார் மதலேனம்மாள். “நல்லது. கெபியை நீ பார்த்துக்கொள்” என்றாராம் மதர்.

அந்தக் கெபியின் வழக்கம் அப்படி. பெண்பிள்ளைகள் தங்கள் மன்றாட்டைச் சீட்டில் எழுதி மடித்துக் கற்களின் இடுக்கில் செருகுவார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும், சீட்டுகளை எல்லாம் பொறுக்கி, மாதாவின் சிலையான சுரூபத்துக்கு முன்னால் ஒரு மண்சட்டியில் போட்டு எரித்துவிட வேண்டும். யாரும் பிரிக்கக் கூடாது. மாதாவுக்கு வந்த கடிதம் அது. ஆகவே அதைக் கையில் எடுக்கிறவர் எழுத்துத் தெரியாதவராக இருப்பது நல்லது என்று மதர் கண்டுபிடித்தார். உலகத்தில் படிக்காததையே தகுதியாக வைத்துக் கிடைத்த வேலை இது ஒன்றுதான் இருக்கும்.

மதரும் காலமானார். விஷயம் தெரிந்த பழைய சிஸ்டர்மார்களும் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். மதலேனம்மாளுக்கு எழுத்துத் தெரியாது என்பதே கல்லூரியில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. விளையாட்டு அணிப் பெண் ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன பழைய சிவப்புச் சட்டையைத்தான் அவர் குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொள்வார். அதன் முதுகில் கொட்டை எழுத்தில் ‘கேப்டன்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். “குட்மார்னிங் கேப்டன்!” என்று பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அதை ஏதோ மரியாதை என்று எடுத்துக்கொண்டு, “தோத்திரம் பாப்பா, நல்லாப் படிங்க” என்பார். பன்னிரண்டு வருஷம் இது நடந்தது. சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்று, தொழிலாளர் லைன் வீடுகளில் அவரோடு அக்கம்பக்கம் குடியிருந்த நமக்கும் உறைக்கவில்லை. நமக்கெல்லாம் மற்றவர் வீட்டு ஜன்னல் தெரியும் அளவுக்கு முகம் தெரியாது.

விடியும் முன்பே கெபிக்கு வந்துவிடுவார். வழிந்து உறைந்த மெழுகைத் தேய்ந்த கரண்டியால் சுரண்டுவார். மாதாவைப் பார்த்து மண்டியிட்டிருக்கும் சிறுமி பெர்னதெத் சிலையின் தோளில் படர்ந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்ப்பார். பிறகு கெபிக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் காணாமல் போவார். அங்கே என்ன செய்கிறார் என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. வெற்றிலை போடத்தான் ஒதுங்குகிறார் என்று நம் லைன் வீடுகளில் தீர்மானமாயிருந்தது.

அந்த மலையில் வருஷத்தில் எட்டு மாதம் மூடுபனி. கல்லிடுக்கில் வைத்த சீட்டு இரண்டே நாளில் ஊறிப்போகும். ஊறிய காகிதம் சரியாக எரியாது. பாதி எரியும், பாதி புகையும். பாதி எரிந்தால் பாதி மன்றாட்டுதான் மேலே போய்ச் சேரும் என்பது மதலேனம்மாளின் நம்பிக்கை. எந்தச் சாமியாரும் அப்படிப் பிரசங்கம் செய்ததில்லை. அவராகவே கண்டுபிடித்த வேதம் அது. அதனால் முதல் சனிக்கு இரண்டு நாள் முன்பே சீட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்புக்கு மேல் கயிறு கட்டி, மெல்லப் பிரித்துத் தொங்கவிடுவார். தேயிலைச் செடியைக் கவாத்து செய்து வெட்டிய விறகின் சூட்டில் அவை மொறுமொறுவென்று காயும். சனிக்கிழமை சட்டியில் போட்டால் ஒரே மூச்சில் எரிந்து சாம்பல் காற்றோடு போகும். “எல்லாம் முழுசாப் போயிருச்சும்மா” என்று சுரூபத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுப்பார்.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா மதலேனம்மா?” என்று கேட்டார் சிஸ்டர் பவுலின்.

“ஆமா சிஸ்டர். காய வைக்க.”

“படிச்சீங்களா?”

எனக்கு வாசிக்கத் தெரியாது சிஸ்டர். அந்த ஒரு வாக்கியம் போதும், அவர் தப்பித்திருப்பார். வாய் திறந்தும்விட்டார். ஆனால் அதற்கடுத்து வரப்போகும் கேள்வியும் அவர் கண்முன் வந்து நின்றது. அப்படியானால் உங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தது யார்?

அவர் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். மகள் ஜெசிந்தா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அதே கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மாலை, அடுப்பங்கரையில் கயிற்றுக்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் நின்றதை மதலேனம்மாள் பார்த்திருந்தார். “என்ன பாப்பா பாக்குற?” என்று அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு, இத்தனை பேர் முன்னால், கேட்க முடியாது.

“தப்பு என்னுதுதான் சிஸ்டர்” என்றார்.

பெலிசிட்டா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “கேப்டன், நீயா?” என்றாள்.  அப்பா இழுத்த இழுப்புக்குப் போய்விட்டாள்.

சிஸ்டர் பவுலின் இரக்கமுள்ளவர்தான். வேலையை விட்டு நீக்கவில்லை. கழிப்பறையும் வராந்தாவும் கூட்டலாம். கெபியின் வெள்ளையடித்த கல்வரிசையைத் தாண்டி மட்டும் கால் வைக்கக் கூடாது. அதற்கு வேலையையே பிடுங்கியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு. கெபியில் பூட்டுப்போட்ட ஒரு தகரப்பெட்டி வந்தது. சீட்டெல்லாம் இனி அதில். கல்லிடுக்கில் வைக்கத் தடை.

அன்று மத்தியானம் லைன் வீட்டில் அம்மாவும் மகளும் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது. சுவர் அப்படி. நாமும் அப்படி: கேட்டோம், சிஸ்டரிடம் போய்ச் சொல்லவில்லை.

“உனக்குத்தான் எழுத்தே தெரியாதே. ஏம்மா சொல்லல?”

மதலேனம்மாள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, உன்னைத்தான். ஏன் சொல்லல?”

“சாப்பிடு பாப்பா. ஆறிப்போயிரும்.”

தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஜெசிந்தாவின் குரல் மாறியிருந்தது. “ஓ. நான்னு நெனச்சுட்ட. என்னைக் காப்பாத்துற.”

“நான் ஒண்ணும் நெனைக்கல.”

“நெனச்சுட்டம்மா. ஊரு முன்னாடி எனக்காகப் பழியை வாங்கிக்கிட்ட. ஆனா எங்கிட்ட வந்து, நீயாடின்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதைத் தெரிந்துகொண்டு கெபிக்கு எதிரில் எப்படி நிற்பது? கேட்காதவரைக்கும் மகள் பாதியாவது குற்றமற்றவள். மதலேனம்மாள் கேட்கவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

நான்காம் நாள் ஜெசிந்தா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களோடு பஸ் ஏறினாள். கிளம்பும் முன் கெபிக்குப் போய் நெடுநேரம் நின்றாள் என்று காவலாளி சொன்னான். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. வந்தாலும் யார் வாசித்துக் காட்டுவது? கொர்னேலியாவா?

மூன்று வருஷம் போயிற்று. மதலேனம்மாள் தினமும் வெள்ளைக் கல்வரிசை வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவார். கல்லுக்கு இந்தப் பக்கம் மண்டியிடுவார். மழையானால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண்டியிடுவார். புதிதாகச் சேர்ந்த பெண்கள், “அதுதான் சீட்டுத் திருடி” என்று ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டினார்கள். குட்மார்னிங் நின்றுபோயிற்று. கொர்னேலியாவோ ஒரு நாள் விடாமல், மதியம் மிஞ்சிய குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்தாள். எவ்வளவு நல்ல மனசு என்று நாமெல்லாம் மெச்சினோம்.

“மூணு வருஷமா அங்கேயே நின்னு என்னதான் கேக்குற மதலேனு? மாதா இந்தப் பக்கம் திரும்பவே இல்லையே” என்று கேலி செய்தான் காவலாளி.

“அவங்க எங்க திரும்புறது? சுரூபத்தைச் சிமெண்டு போட்டுல்ல வச்சிருக்கு” என்றார் மதலேனம்மாள். “நாமதான் நேரா நிக்கணும்.”

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை ஒன்பது நாள் விடாமல் அடித்தது. பத்தாம் நாள் காலை, பூசை நேரத்தில், பெரிய லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கெபி இல்லை. பின்சுவர் உப்பிப் பிளந்து, கல்லும் சேறுமாகப் பாதை வரைக்கும் சரிந்து கிடந்தது. பெர்னதெத்தின் தலையைக் காணவில்லை. மாதா சேற்றில் முகம் குப்புறக் கிடந்தார். தகரப்பெட்டி மட்டும் பூட்டோடு பத்திரமாக இருந்தது.

கோத்தகிரியிலிருந்து வந்த மேஸ்திரி சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு குழாய்த் துவாரத்திலிருந்து கறுத்து மக்கிய சைப்ரஸ் இலையைக் கைகையாகப் பிடுங்கிப் போட்டார்.

“மலைத்தண்ணி வடியறதுக்கு வச்ச வழி சிஸ்டர் இது. அடியில பழைய இலை ஒண்ணுகூட இல்லை. எல்லாம் மூணு வருஷத்துக் குப்பை. அதுவரைக்கும் யாரோ தினமும் கைவிட்டுச் சுத்தம் பண்ணியிருக்காங்க. யாரு அது? ஏன் நிறுத்தினாங்க?”

 வெள்ளைக் கல்வரிசைக்கு அப்பால் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற மதலேனம்மாளை சிஸ்டர் பவுலின் திரும்பிப் பார்த்தார். வெற்றிலை போடத்தான் ஒதுங்குகிறார் என்று தீர்மானம் போட்ட நாமும் பார்த்தோம்.

“வாங்கம்மா” என்றார் சிஸ்டர். “உள்ளே வாங்க.”

வந்தவர் முதலில் மாதாவின் முகத்துச் சேற்றைத் தன் சிவப்புச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு, சுரூபத்தின் இடது பாதத்துக்குக் கீழே இருந்த கல்லைத் தேடினார். அந்தக் கல்லில் மழை ஏறாத ஆழமான ஓர் இடுக்கு உண்டு. சீட்டு பொறுக்கும்போது கடைசியாகக் கையை விட்டுத் தேடும் இடம் அது. அவருக்கும், சின்ன வயதில் கூடவே சுற்றிய ஜெசிந்தாவுக்கும் மட்டுமே தெரிந்த இடம். கல் புரண்டு கிடந்தது. இடுக்கில் ஒரு சீட்டு இருந்தது. மருந்துப் பொட்டலம் போல நான்கு மூலையும் உள்ளே செருகி மடித்த சீட்டு. உலகத்தில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான்.

மதலேனம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஜெசிந்தா எழுதினதா?” என்று குனிந்தார் சிஸ்டர். “பிரிச்சு வாசிச்சுப் பாருங்க. நீங்க தாய். உங்களுக்கு உரிமை இருக்கு.”

“வேண்டாம் சிஸ்டர்” என்று சொல்லிச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டார். “ஈரமா இருக்கு.”

இரண்டு நாள் அந்த ஒற்றைச் சீட்டு அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கியது. மூன்று வருஷமாக ஒரு சேதி இல்லாத மகளின் கை எழுதிய காகிதம், தலைக்கு மேல், எட்டும் தூரத்தில். எந்த எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியாமல் அதற்குக் கீழேயே சமைத்தார், கீழேயே சாப்பிட்டார். மை கொஞ்சம் கரைந்திருந்தது. கரைந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் நாள் கொர்னேலியா வந்து நிலைப்படியில் நின்றாள். அவள் முகம் ஏனோ வெளுத்திருந்தது.

“என்ன எழுதியிருக்காளோ என்னமோ. யார் பேரையாவது சொல்லியிருக்காளா? குடு மதலேனு, நான் பாத்துச் சொல்றேன்.”

“உனக்கு வந்ததா கொர்னேலியா?”

“இல்ல...”

“எனக்கும் வரல. அவங்களுக்கு வந்தது.”

சனிக்கிழமை, இடிந்த கெபியின் கற்குவியலுக்கு முன்னால் சட்டியை வைத்து அந்த ஒரு சீட்டை எரித்தார். ஒரே மூச்சில் எரிந்தது. எல்லாம் முழுசாப் போயிருச்சு என்று எப்போதும் சொல்வதை அன்று சொல்ல முடியவில்லை. சாம்பல் பறந்து முடிந்த பிறகும் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று எழுந்து, நேராக சிஸ்டரிடம் போய், “திங்கக்கிழமை லீவு வேணும். திருப்பூர் போகணும். என் மககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது.

ஜெசிந்தாவோடு போன பெண்ணொருத்தியின் வீட்டில் எழுதி வாங்கிய கம்பெனி விடுதியின் முகவரி ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. மேட்டுப்பாளையத்திலும் அவிநாசியிலும் கண்டக்டர்களிடம் அதை நீட்டி, “வாசிங்க தம்பி. இதை வாசிக்கலாம், இது மாதாவுக்கு இல்லை” என்றாராம். அவர்கள் விழித்தார்களாம்.

விடுதி வாசலில், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியபடி ஜெசிந்தா வந்து நின்றாள். மூன்று வருஷத்தில் எலும்பும் தோலுமாக இருந்தாள். நலம் விசாரிக்கவில்லை மதலேனம்மாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“பாப்பா. அந்தச் சீட்டை வாசிச்சு வெளிய சொன்னது நீயா?”

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்தாள். “கல்லுக்குள்ள வச்சது கெடச்சுதாம்மா?”

“கெடச்சுது. எரிச்சுட்டேன்.”

“யாரு வாசிச்சுச் சொன்னா?”

“யாரும் வாசிக்கல. அது எப்படி வாசிக்கிறது?”

ஜெசிந்தா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு முட்டியது. “அதுல அது ஒண்ணுதாம்மா எழுதியிருந்தேன். எங்கம்மா என்கிட்ட நேரா வந்து, நீயான்னு கேக்கணும் மாதாவேன்னு.”

மதலேனம்மாள் பஸ் வந்த திசையை, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “சரி, கேட்டுட்டேன். சொல்லு.”

“வாசிச்சேன்மா. ஒண்ணு ரெண்டு வாசிச்சேன். அது தப்புதான். ஆனா யார்கிட்டயும் சொல்லல.”

சாட்சி இல்லை. ஆதாரம் இல்லை. “சரி” என்றார் மதலேனம்மாள். அவ்வளவுதான். “அன்னிக்கே கேட்டிருக்கணும் பாப்பா. பயந்துட்டேன்.”

கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஜெசிந்தா சொல்லி அனுப்பினாள். அந்தச் சொல்லைத் தின்றே மதலேனம்மாள் மூன்று வாரம் உயிர்வாழ்ந்தார் எனலாம். கெபி திரும்ப எழும்பியது. மேஸ்திரிக்கு எந்தக் கல் எங்கே இருந்தது என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். அமல உற்பவ மாதா திருநாளன்று, டிசம்பர் எட்டாம் தேதி, காலைப் பூசைக்கு அவரைக் காணவில்லை என்று தேடினார்கள். கெபிக்குப் பின்னால் இருந்தார். குழாய்த் துவாரத்துக்குள் முழங்கைவரை வலது கையை விட்டபடி, தலையைப் புதுச்சுவரில் சாய்த்திருந்தார். உள்ளங்கையில் ஒரு பிடி இலை. உடம்பு குளிர்ந்து வெகுநேரமாகியிருந்தது. துவாரத்தில் தண்ணீர் தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னவள் பதினேழு நாள் முன்னதாகவே வந்துசேர்ந்தாள். அந்தச் சிவப்புச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது சிஸ்டர் பவுலின் மெல்லக் கேட்டார். “இத்தனை நல்லவங்க அந்தச் சீட்டை ஏன்மா வாசிச்சாங்க?”

“எங்கம்மாவுக்கு எழுத்தே தெரியாது சிஸ்டர்” என்றாள் ஜெசிந்தா. “முதுகுல என்ன எழுதியிருக்குன்னுகூடத் தெரியாது.”

சிஸ்டர் பவுலின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் கொர்னேலியா அலறினாள். ஊர் கூடியிருந்த இடத்தில், சவப்பெட்டியின் காலடியில் விழுந்து, தலையால் தரையை முட்டிக்கொண்டாள். அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தபோது கயிற்றில் பெலிசிட்டாவின் சீட்டு கண்ணில் பட்டதாம். ஈஸ்டருக்கு வந்திருந்த தங்கச்சியிடம் வாய் சும்மா இராமல் சொன்னாளாம். தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊர் வால்பாறை.

“மூணு வருஷம் குழம்பு குடுத்தேனே மதலேனு! ஒரு வார்த்தை குடுக்கலையே!”

ஜெசிந்தா அவளை அடிக்கவில்லை, தூக்கவும் இல்லை. “நீங்களாவது நேத்து சொல்லியிருக்கலாம் அக்கா” என்றாள். “நேத்து எங்கம்மா இருந்துச்சு.”

நாமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டோம். அன்றைக்கு நம் லைனில் யாரும் யாரைப் பற்றியும் பேசவில்லை. அதுவே மதலேனம்மாள் நம் தெருவுக்குச் செய்த முதல் புதுமை, முதல் அற்புதம், என்று வைத்துக்கொள்ளலாம். அன்று வீட்டில் கேட்காததைத் தன் வாயால் கேட்க வைத்து, எழுத்தறியாதவரையே ஒரு கடிதத்துக்குப் பதிலாக அனுப்பினாரே மாதா, அந்தப் பேறு படித்தவர் எத்தனை பேருக்கு வாய்த்தது? ஒரு சொல்லும் வாசிக்காமல் எல்லாச் சொல்லையும் கொண்டுசேர்த்த அந்தக் கைகள் வாழ்க.

பெலிசிட்டாவைச் சண்டை நடந்த அந்த வருஷமே மூணாறில் ஒரு எஸ்டேட் கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து, கெபியில் ஒரு சீட்டை வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் போனாள். அவள் எழுதிக் கேட்ட பையன் கோயம்புத்தூரில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு கார் கம்பெனியில் இருக்கிறானாம். கொர்னேலியா வேலையை விட்டுவிட்டு ஆத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டாள். அங்கே ரொம்பப் பேசுவதில்லை என்று கேள்வி. ஜெசிந்தா திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டரைக் கட்டினாள், அவிநாசியில் குடித்தனம். டிசம்பர் எட்டுக்கு மட்டும் மலையேறி வந்து, குழாயில் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். தகரப்பெட்டியை எடுத்துவிட்டார்கள். சீட்டு பொறுக்க எழுத்துத் தெரியாத ஆளைக் கல்லூரி இரண்டு வருஷம் தேடியது. இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? கடைசியில் சிஸ்டர் பவுலினே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். மாற்றல் உத்தரவு வந்து வடக்கே போகும் வரைக்கும், முதல் சனிக்கு இரண்டு நாள் முன்பு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டேதான் அவர் கெபிக்குப் போனார்.